குழாய் எடுத்த பிறகு மூக்குக் குழலா, முகமூடியா? ஐசியு வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜொகூர் பாரு – தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு வாயிலிருந்த சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்றால், வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்குப் பாதி உயிர் திரும்பியது போல. ரெங்கத்திலிருந்தோ லாயாங்-லாயாங்கிலிருந்தோ பஸ் ஏறி வந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார். மகன் குடும்ப வாட்சாப் குழுவில் "டியூப் எடுத்தாச்சு" என்று போடுகிறான்.

உள்ளே போய்ப் பார்க்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. அப்பாவின் மூக்கில் சற்றுத் தடித்த ஒரு குழல் மட்டும் இருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரரின் முகத்திலோ வார் போட்டு இறுக்கிய பெரிய முகமூடி. தலைமாட்டில் ஓர் இயந்திரம். "அவருக்கு மட்டும் ஏன் மெஷின்? தோட்டத்து ஆள் என்பதால் நமக்குச் சின்னதாகப் போட்டுவிட்டார்களா?" என்ற கேள்வி மனத்தில் எழுகிறது. தாதியிடம் கேட்கத் தயக்கம். மலாய் மொழியில் மருத்துவர் சொன்னது பாதிதான் புரிந்தது. சந்தேகம் அப்படியே வீட்டுக்குப் போகிறது.

இந்தச் சந்தேகத்துக்கு விடை இருக்கிறது. எந்தக் கருவி யாருக்கு என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியுள்ளன. பெரிய கருவி என்பது உயர்ந்த சிகிச்சை அல்ல. சின்னக் குழல் என்பது மட்டமான சிகிச்சையும் அல்ல. ஆனால் ஏற்றத்தாழ்வே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது கருவியின் அளவில் இல்லை. நோயாளியை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்கிறார்கள், சரியான வழியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது.

குழாய் வெளியே வந்தால் ஆபத்து முடிந்ததா?

செயற்கை சுவாசக் கருவியில் இருப்பவருக்கு வாய் வழியாகக் குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் செலுத்தப்பட்டிருக்கும். நோய் தணிந்ததும் மருத்துவர்கள் இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியைத் தாமாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறினால் குழாயை எடுப்பார்கள்.

தேறியவர்களிலும் சுமார் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை, சில நாள்களுக்குள் மீண்டும் குழாய் போட வேண்டிய நிலைக்குப் போகிறார்கள். தொண்டை வீங்கியிருக்கலாம். சளியை இருமித் துப்பப் பலமில்லாமல் இருக்கலாம். பல நாள் இயந்திரமே மூச்சு விட்டதால் உதரவிதானத் தசை இளைத்துப் போயிருக்கலாம். இருதயம் பலவீனமானவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரம் நெஞ்சுக்குள் கொடுத்துவந்த அழுத்தம் இருதயத்தின் சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தது; குழாய் போனதும் அந்தச் சுமை திடீரென்று இருதயத்தின் மேல் விழுகிறது.

மறுபடியும் குழாய் போடப்பட்டவர்களிடையே இறப்பு விகிதம் மிக அதிகம். நான்கில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இறக்கக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அவர்கள் ஏற்கெனவே பலவீனமானவர்கள் என்பது அதற்கு ஒரு காரணம். குழாய் எடுத்தபின் பட்ட மூச்சுத் திணறல் இன்னொரு காரணம். அதனால் குழாய் எடுத்த முதல் இரண்டு மூன்று நாள்கள், குழாய் போட்ட நாளைப் போலவே முக்கியமானவை. அந்த நாள்களில் மூச்சுக்குக் கைத்தாங்கலாக எதைக் கொடுப்பது என்பதுதான் மருத்துவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

கைத்தாங்கல் நான்கு வகை

முதலாவது, சாதாரண ஆக்சிஜன். மூக்கில் மெல்லிய குழலோ, முகத்தில் தளர்வான பிளாஸ்டிக் முகமூடியோ போதும். மூக்குக் குழலில் பொதுவாக நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் வரை கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் மூக்கு வறண்டு எரியும்.

இரண்டாவது, ஹை ஃப்ளோ எனப்படும் மிகுபாய்வு மூக்குக் குழல். பார்க்கச் சாதாரணக் குழல் போலவே இருப்பதால்தான் "சின்னதாகப் போட்டுவிட்டார்கள்" என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் இது நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை காற்றைச் செலுத்தும். உடல் சூட்டுக்கு இணையாக 37 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கி, ஈரப்படுத்திக் கொடுக்கும். அதனால் சளி இறுகாது. தொண்டையில் தங்கும் கரியமில வாயுவை அடித்து வெளியேற்றும். நுரையீரலுக்குள் சிறிதளவு அழுத்தத்தையும் தரும். நோயாளியால் பேச முடியும். இருமித் துப்ப முடியும்.

மூன்றாவது, சிபேப். மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே அளவு அழுத்தம் கொடுத்து, நுரையீரல் சுருங்கிவிடாமல் பிடித்து வைக்கும். பிறந்த குழந்தைகளுக்கும், நுரையீரலில் நீர் கோத்த இருதய நோயாளிகளுக்கும் இது கைகொடுக்கிறது. தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறவர்கள் வீட்டில் மாட்டிக்கொள்வதும் இதைத்தான்.

நான்காவது, பைபேப் என்று வார்டில் பேச்சுவாக்கில் சொல்லப்படும் முகமூடி வழிச் சுவாச உதவி. இறுக்கமான முகமூடி வழியாக இயந்திரம், மூச்சு இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் அழுத்தம் தரும். சோர்ந்துபோன மூச்சுத் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கும். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் உடலில் தேங்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதில் இதற்கு இணையில்லை. ஆனால் மூக்குத் தண்டில் புண் வரலாம். வயிற்றில் காற்று ஏறி உப்பலாம். மூச்சு முட்டுவது போன்ற பயத்தில் பலர் பிய்த்து எறிவார்கள். வாந்தி எடுப்பவர்களுக்கும் நினைவு தப்பியவர்களுக்கும் இதைப் போடுவது ஆபத்து.

ஆய்வுகள் சொல்லும் கணக்கு

ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான இரண்டு ஆய்வுகள் இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. முதலாவதில், ஆபத்து குறைவானவர்கள் என்று கணிக்கப்பட்ட 527 பேர் சேர்க்கப்பட்டனர். சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 12.2 விழுக்காட்டினருக்கு 72 மணி நேரத்துக்குள் மீண்டும் குழாய் போட வேண்டி வந்தது. ஹை ஃப்ளோ பெற்றவர்களில் அது 4.9 விழுக்காடு. அதாவது நூறு பேரில் பன்னிரண்டாக இருந்தது ஐந்தாகக் குறைந்தது. அந்தச் "சின்னக் குழல்" செய்யும் வேலை அவ்வளவு.

இரண்டாவது ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள 604 பேர். இங்கே ஹை ஃப்ளோவும் முகமூடியும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டன. மீண்டும் குழாய் போடப்பட்டவர்கள் முகமூடிக் குழுவில் 19.1 விழுக்காடு, ஹை ஃப்ளோ குழுவில் 22.8 விழுக்காடு. ஆய்வுக்கென்று வகுத்த அளவுகோலின்படி ஹை ஃப்ளோ தாழ்ந்ததல்ல என்று முடிவானது. முகமூடி போட்டவர்களில் 42.9 விழுக்காட்டினர் தொந்தரவு தாங்காமல் சிகிச்சையை நிறுத்த வேண்டி வந்தது. ஹை ஃப்ளோவில் அப்படி ஒருவர்கூட இல்லை.

நெஞ்சு அறுவை சிகிச்சைக்குப் பிறகான நிலையும் கிட்டத்தட்ட இதேதான். பிரான்சில் 830 பேரிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில் ஹை ஃப்ளோ தோற்றவர்கள் 21 விழுக்காடு, பைபேப் தோற்றவர்கள் ஏறத்தாழ 22 விழுக்காடு. பைபாஸ் செய்துகொண்ட உறவினருக்கு மூக்குக் குழல் மட்டும் போட்டிருந்தால் பதற வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

அப்படியானால் முகமூடிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பிரான்சின் 30 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், ஆபத்து அதிகமுள்ள 641 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஹை ஃப்ளோ மட்டும். மற்றக் குழுவுக்கு முகமூடியும், அதைக் கழற்றும் இடைவேளையில் ஹை ஃப்ளோவும். ஏழு நாளில் மீண்டும் குழாய் தேவைப்பட்டவர்கள் முதல் குழுவில் 18.2 விழுக்காடு, இரண்டாவது குழுவில் 11.8 விழுக்காடு. 2022இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஆபத்துக் காரணங்கள் கொண்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் ஹை ஃப்ளோவில் 38.8 விழுக்காட்டினருக்கும், ஈரப்படுத்திய முகமூடிச் சிகிச்சையில் 23.3 விழுக்காட்டினருக்கும் மறுபடி குழாய் தேவைப்பட்டது.

ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கம் 2022இல் தந்த வழிகாட்டியும் இந்தப் போக்கில்தான் இருக்கிறது. பொதுவாகச் சாதாரண ஆக்சிஜனைவிட ஹை ஃப்ளோ மேல். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, தடையேதும் இல்லாவிட்டால், முகமூடி மேல். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இயந்திரம் போட்டிருக்கிறார்கள் என்றால், அவர் நம்மவரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறார் என்றுதான் பெரும்பாலும் பொருள். இந்தக் கணக்கில் வார்டு வகுப்புக்கோ இனத்துக்கோ இடமே இல்லை.

தாமதித்துப் போட்டால் கேடு

முகமூடியைப் பற்றி இன்னொரு பாடமும் உண்டு. எட்டு நாடுகளின் 37 மருத்துவ மையங்களில் 221 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. குழாய் எடுத்தபின் மூச்சுத் திணறல் வந்துவிட்டவர்களுக்கு முகமூடி போட்டுச் சமாளிக்க முடியுமா என்று பார்த்தார்கள். முடியவில்லை. இரு குழுக்களிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மீண்டும் குழாய் தேவைப்பட்டது. அதோடு, முகமூடி போட்டவர்களில் 25 விழுக்காட்டினர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 14 விழுக்காட்டினர்.

காரணம் என்னவாக இருக்கும்? வழக்கமான சிகிச்சைக் குழுவில் திணறல் வந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் மீண்டும் குழாய் போட்டிருந்தார்கள். முகமூடிக் குழுவில் அதற்குச் சுமார் 12 மணி நேரம் ஆனது. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று கழிந்த அந்த நேரமே பலரின் உயிரைக் குடித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஒரே முகமூடிதான். ஆபத்து உள்ளவர் என்று முன்கூட்டியே கணித்து, குழாய் எடுத்த கையோடு போட்டால் காக்கிறது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு, குழாயைத் தவிர்ப்பதற்காகப் போட்டால் காலத்தைத் தின்கிறது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. மற்றவர்களுக்கு, மீண்டும் குழாய் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், "வேண்டாம் டாக்டர், மாஸ்க்கை வைத்தே பாருங்கள்" என்று குடும்பம் கெஞ்சுவது நோயாளிக்கு நன்மை செய்யாமல் போகலாம்.

நம் வீடுகளில் ஆபத்து அதிகம்

ஸ்பெயின் ஆய்வாளர்கள் "ஆபத்து அதிகம்" என்று எதை வைத்து வகைப்படுத்தினார்கள்? வயது 65க்கு மேல், இருதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், மிகையான உடல் பருமன், ஏழு நாளுக்கு மேல் இயந்திரத்தில் இருந்தது, சளியை வெளியேற்ற முடியாமை, ஒன்றுக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

இந்தப் பட்டியலைப் படித்ததும் தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் தெரிந்த முகங்கள் நினைவுக்கு வரும். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். அந்த நோய் பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் இருதயமும் சிறுநீரகமும் சேர்ந்து கெடுகின்றன. அதே ஆய்வில், நாட்டுப் பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மீறிய எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள்.

உடல் பருமன் உள்ளவர்களைப் பற்றித் தனி ஆய்வே உண்டு. பிரான்சில் 981 பேரிடம் நடந்து 2023இல் வெளியானது அது. குழாய் எடுத்ததும் முகமூடி பெற்றவர்களில் 13.5 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தோற்றது. ஆக்சிஜனோ ஹை ஃப்ளோவோ மட்டும் பெற்றவர்களில் அது 26.5 விழுக்காடு, ஏறக்குறைய இரு மடங்கு. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொள்கிறது. அதை விரித்து வைக்க அழுத்தம் தேவைப்படுகிறது.

ஆக, "எங்கள் அப்பாவுக்கு ஏன் பெரிய மெஷின் இல்லை" என்று கேட்பதைவிட, "எங்கள் அப்பா ஆபத்து அதிகமுள்ளவர்களின் பட்டியலில் இருக்கிறாரா, அதற்கேற்ற ஏற்பாடு உண்டா" என்று கேட்பதே பயன் தரும்.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு

பெரியவர்களுக்குப் பொருந்துவது பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது. 32 வாரத்துக்கு முன் பிறந்த 303 குறைமாதக் குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஹை ஃப்ளோ 34.2 விழுக்காட்டினரிடம் தோற்றது, சிபேப் 25.8 விழுக்காட்டினரிடம் தோற்றது. ஆய்வு வகுத்த எல்லைக்குள் இருந்ததால் ஹை ஃப்ளோவும் ஏற்கத்தக்கதே என்றார்கள். பிஞ்சு மூக்கில் புண் குறைவு என்பது அதன் நன்மை. அதில் தோற்ற குழந்தைகளில் சுமார் பாதிப் பேரை சிபேப்புக்கு மாற்றிக் குழாய் போடாமலே காப்பாற்றினார்கள்.

சற்றுப் பெரிய குழந்தைகளைப் பற்றிய பிரிட்டிஷ் ஆய்வு 2022இல் வெளியானது. 600 குழந்தைகள் சேர்க்கப்பட்ட அந்த ஆய்வில் ஹை ஃப்ளோ சிபேப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. சுவாச உதவி தேவையில்லை என்ற நிலைக்கு வர, ஹை ஃப்ளோ குழுவில் நடுத்தரமாக 50.5 மணி நேரம். சிபேப் குழுவில் 42.9 மணி நேரம். பிள்ளையின் மூக்கில் இறுக்கமான கருவியைப் பார்த்து அம்மா கலங்குவது இயல்பு. ஆனால் அந்த இறுக்கத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஜொகூரில் கருவி மட்டும் போதுமா?

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் என்ன என்பதை ஜொகூர் மக்கள் துயரத்தின் வழியாகவே கற்றுக்கொண்டார்கள். 2016 அக்டோபர் 25ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூண்ட தீயில் ஆறு நோயாளிகள் உயிரிழந்தனர். 2019 மார்ச் மாதம் பாசீர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுக்கும் வாந்திக்கும் ஆளாயினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை சென்றனர். 2021இல் கோவிட் உச்சத்தைத் தொட்டபோது "கேட்டகரி நான்கு", "கேட்டகரி ஐந்து" என்ற சொற்கள் தோட்டத்துக் காப்பிக்கடை வரை வந்துவிட்டன.

அப்போது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வெண்டிலேட்டர் இருக்கிறது?" மக்கள் பிரதிநிதிகளும் அதற்கே பதில் சொன்னார்கள். ஆனால் குழாய் எடுத்த பிறகான நாள்களில் இயந்திரத்தின் எண்ணிக்கையைவிட முக்கியமானவை மூன்று.

ஒன்று, ஆக்சிஜன். ஹை ஃப்ளோவில் நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றை 60 விழுக்காடு ஆக்சிஜனாகக் கொடுத்தால், அதற்குச் சுமார் 30 லிட்டர் தூய ஆக்சிஜன் செலவாகும். சுமார் 7,000 லிட்டர் கொண்ட பெரிய ஆக்சிஜன் உருளை நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. சுவரில் குழாய் வழி ஆக்சிஜன் தாராளமாக வரும் மருத்துவமனையில் இது சிக்கலில்லை. ஆனால் மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஆம்புலன்சில் ஹை ஃப்ளோவோடு கடப்பது எளிதல்ல. காற்றைச் சூடேற்ற மின்சாரமும் வேண்டும். அதனால் மாவட்ட மருத்துவமனையில் தொடங்கிய முறை, பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது மாறலாம். சில நேரம் பயணத்துக்காகவே குழாயை எடுக்காமல் வைத்திருப்பார்கள். குடும்பம் அதைத் தாமதம் என்று எண்ணிவிடக்கூடாது.

இரண்டு, ஆள். முகமூடிச் சிகிச்சை பொறுமையான தாதியின் கையில்தான் வெற்றி பெறுகிறது. காற்று கசிகிறதா, மூக்கில் புண் வருகிறதா, நோயாளி இயந்திரத்தோடு ஒத்து மூச்சு விடுகிறாரா என்று திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஆய்வில் நாளொன்றுக்குக் குறைந்தது 12 மணி நேரம் முகமூடி போட வைத்தார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் டாலரில் சம்பளம் காத்திருக்கும்போது, அந்தக் கைகளை ஜொகூரில் தக்கவைத்துக்கொள்வது எளிதல்ல. ஆள் குறைவான வார்டில், பராமரிக்க எளிதான ஹை ஃப்ளோவை மருத்துவர் தேர்ந்தெடுத்தால் அது சோம்பல் அல்ல. கவனிக்க ஆளில்லாத முகமூடி, கவனிக்கப்படும் மூக்குக் குழலைவிட ஆபத்தானது.

மூன்று, கவனிக்கும் இடம். குழாய் எடுத்தவரைப் படுக்கை நெருக்கடியால் சாதாரண வார்டுக்குச் சீக்கிரம் மாற்றினால், மூச்சு மோசமாவதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகலாம். ஹை ஃப்ளோவிலும் இந்த ஆபத்து உண்டு. நோயாளி வசதியாக இருப்பது போல் தெரியும், உள்ளே சோர்ந்துகொண்டிருப்பார்.

அடுத்த முறை மக்கள் பிரதிநிதி தோட்டத்துக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். குளுவாங், சிகாமட், மூவார், பத்து பகாட் மருத்துவமனைகளில் ஹை ஃப்ளோ கருவிகள் எத்தனை, அவற்றை இரவு நேரத்தில் கவனிக்கப் பயிற்சி பெற்ற தாதியர் எத்தனை, தீவிர சிகிச்சைக்கும் சாதாரண வார்டுக்கும் இடைப்பட்ட கண்காணிப்புப் படுக்கைகள் எத்தனை?

குடும்பத்தின் கையில் இருப்பவை

மருத்துவருக்குத் தெரியாத பல விஷயங்கள் குடும்பத்துக்குத் தெரியும். நோயாளி இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவாரா? எத்தனை ஆண்டு சுருட்டோ சிகரெட்டோ பிடித்தார்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா? தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணையை உயர்த்தி வைப்பாரா? முன்பு எப்போதாவது சுவாசக் கருவியில் இருந்தாரா? இவற்றை ஒரு தாளில் எழுதி, குழாய் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கொடுத்தால், முகமூடியா மூக்குக் குழலா என்ற முடிவுக்கு அது நேரடியாக உதவும். மொழி தடையாக இருந்தால் மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.

முகமூடி போட்டவரால் பேச முடியாது. தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி, புரியாத மொழியில் கட்டளைகளைக் கேட்டுக்கொண்டு, முகத்தை இறுக்கும் பொருளோடு தனியாகக் கிடந்தால் பிய்த்து எறியத்தான் பார்ப்பார். பார்வையாளர் நேரத்தில் பக்கத்தில் இருந்து, "பாட்டி, இது காற்று கொடுக்கும் மெஷின், மறுபடியும் குழாய் போடாமல் இருக்கத்தான் இது, மெதுவாக மூச்சு விடுங்க" என்று தமிழில் நாலு வார்த்தை சொன்னால், அதுவே பாதி மருந்து.

செய்யக்கூடாதவையும் உண்டு. குழாய் எடுத்தவருக்கு விழுங்கும் சக்தி உடனே திரும்பிவிடாது. "நாலு நாளாகப் பட்டினி" என்று பரிதாபப்பட்டு ஒரு வாய் மைலோவோ கஞ்சியோ ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகலாம். முகமூடி போட்டிருப்பவருக்கு இது இன்னும் ஆபத்து. தாதி அனுமதித்த பிறகே தண்ணீர்கூட. மூக்கைச் சுற்றித் தைலம், வெசிலின், எண்ணெய் எதையும் தடவக்கூடாது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும் அபாயத்தைக் கூட்டும். வேண்டுதலுக்காகத் தாடி வளர்த்திருந்தால் முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று கசியும். மழிக்கலாமா என்று தாதி கேட்டால், அது சிகிச்சையின் ஒரு பகுதி என்று புரிந்துகொள்ள வேண்டும்.

முன்கூட்டியே பேச வேண்டிய கேள்வி

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி ஒன்று உண்டு: "குழாய் எடுத்தபின் மூச்சு மறுபடி தடுமாறினால், மீண்டும் குழாய் போடலாமா?" பல குடும்பங்கள் இதை அபசகுனமாக எண்ணிப் பேசாமல் விடுகின்றன. பிறகு நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பில், தூக்கக் கலக்கத்தில், தனியாக ஒரு மகனோ மகளோ பதில் சொல்ல வேண்டியதாகிறது.

தேறிவர நல்ல வாய்ப்புள்ளவருக்கு மறுபடி குழாய் போடுவது தோல்வி அல்ல. தயங்காமல் போடுவதே காப்பாற்றும் என்பதை 2004 ஆய்வு காட்டுகிறது. பல ஆண்டு நோயில் நைந்துபோன முதியவருக்கு நிலைமை வேறாக இருக்கலாம். அப்போது முகமூடியோ ஹை ஃப்ளோவோ மூச்சு முட்டலைக் குறைத்து, பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேச வைக்கும் கடைசி உதவியாக இருக்கும். எது பொருந்தும் என்பதை மருத்துவர் விளக்க வேண்டும். நோயாளியால் பேச முடிந்தால் அவரிடமே கேட்க வேண்டும். குழாய் எடுப்பதற்கு முந்தைய நாளே குடும்பம் கூடிப் பேசி, ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பது எல்லாருக்கும் நல்லது.

அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு குடிமகன் நாளொன்றுக்குக் கட்டுவது 3 ரிங்கிட்தான். அந்த மூன்று ரிங்கிட்டுக்குள் கருவியும் மருந்தும் மட்டுமல்ல, விளக்கம் கேட்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது. "ஏன் இந்தக் குழல்? இது போதாவிட்டால் அடுத்து என்ன? எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு முடிவெடுப்பீர்கள்?" என்ற மூன்று கேள்விகளையும் மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் பதில் சொல்வார். அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போகும் குடும்பம் பக்கத்துப் படுக்கையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.